மிஞ்சிப்போன கொக்கோப் பை

பளீலா சின்னத் தராசில் எடை பார்க்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வாள். மூச்சுக் காற்றுப் பட்டால்கூட அந்தத் தராசின் இலக்கம் ஆடும். கிண்ணத்தில் தூளைக் கொட்டி, இலக்கம் அசையாமல் நிற்கும்வரை பார்த்திருந்து, தாளில் எழுதிய பிறகுதான் மூச்சு விடுவாள். ஒன்பது வருடம் இப்படியே வேலை செய்ததில் அது வெளியிலும் பழக்கமாகிவிட்டது. பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்து ஏதாவது கதைத்துக்கொண்டே வருவாள், நடுவில் சட்டென்று மூச்சு நின்றுவிடும். ஏதோ ஒன்றை மனதுக்குள் நிறுத்துப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

நாங்கள் இரண்டு பேரும் கண்டக்குழி. நுரைச்சோலைக்கு வடக்கே, கற்பிட்டி வீதியோரம், சின்னப் பிள்ளைகளுக்கான சத்துமா செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அவள் எடை அறையில். நான் பக்கற் கட்டும் பகுதியில். சோளமா, சோயாமா, பால்மா, சீனி, கொக்கோ எல்லாம் கிலோக் கணக்கில் போகும். விற்றமின் கலவையும் இரும்புச்சத்துத் தூளும் கிராம் கணக்கில் போகும். ஒரு தடவைக்கு ஐந்நூறு கிலோ. அதை ஒரு பெட்ச் என்போம். ஐந்நூறு கிலோவுக்கு இரும்புத் தூள் நூற்றிருபது கிராம், அதற்கு மேல் ஒரு சிட்டிகை போகக்கூடாது.

ஏன் போகக்கூடாது என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரு அம்மா, பெரியவர்களுக்கு மருந்தாகக் கொடுக்கும் இரும்புக் குளிசையைத் தவறி அள்ளி விழுங்கிய பிள்ளைகளுக்கு என்ன நடக்கும் என்று விவரமாகச் சொன்னாராம். முதலில் வயிற்றுவலி, தின்றதெல்லாம் வெளியே வரும் சத்தி. பிறகு கொஞ்ச நேரம் பிள்ளை சுகமானதுபோல் இருக்கும். அதற்குப் பிறகுதான் உள்ளே ஈரல் கெடும். "சுகமானது போல இருக்கும்" என்ற அந்த வார்த்தைதான் பளீலாவைப் பிடித்துக்கொண்டது. என்னிடம் பல தடவை அதைச் சொல்லியிருக்கிறாள். அதற்கு முன் அவள் புத்தளத்தில் உப்பு மூட்டை கட்டினாள், பிறகு ஒரு இறால் பண்ணையில் தீவனம் நிறுத்தாள். அங்கே கூடக்குறைய விழுந்தால் யாரும் சாகமாட்டார்கள். இங்கே அப்படியில்லை. பயந்த சுபாவம் உள்ளவள் என்பதால்தான் அந்த வேலைக்கு அவளைவிட நல்ல ஆள் கிடைக்கவில்லை.

அவளுடைய புருஷன் ரஸாக் கடலுக்குப் போகிறவர். ஒரே பிள்ளை றிஷ்னா, அப்போது நாலு வயது. பளீலா வேலைக்கு வந்துவிட்டால் தங்கை ஸஃப்னாதான் பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள்.

எடை அறையில் இன்னொருத்தியும் இருந்தாள், நிஷாந்தினி. உடப்பிலிருந்து கலியாணம் கட்டி இந்தப் பக்கம் வந்தவள். பளீலா நிறுப்பதை அவள் திரும்ப நிறுத்துப் பார்த்துப் பக்கத்துக் கட்டத்தில் கையெழுத்துப் போடவேண்டும். ஒரு கண் பிழைவிட்டால் மற்றக் கண் பிடிக்கும் என்பது ஏற்பாடு.

அது நடந்தது கார்த்திகை மழைக்காலத்தில். ஸ்டோர் கூரை ஒழுகியது. புதன்கிழமை காலையில் பக்கற் பகுதிக்கு ஆள் போதாது என்று நிஷாந்தினியை எங்களிடம் அனுப்பிவிட்டார்கள். லேபல் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்க என் பக்கத்தில்தான் நின்றாள். பின்னேரம் நாலு மணிக்கு எடை அறைக்குப் போய், பத்து பெட்ச்சுக்கும் உரிய தாள்களில் வரிசையாகத் தன் கையெழுத்தைப் போட்டாள். இப்படி அதற்கு முன்னும் நடந்திருக்கிறது. பளீலா நிறுத்தது பிழைக்காது என்று எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை.

மாதத்தின் முதல் புதன் என்பதால் அன்று எங்களுக்கு ஆளுக்கொரு பக்கற் கொடுத்தார்கள். நிறை கொஞ்சம் குறைந்ததால் கடைக்கு அனுப்ப முடியாத பக்கற்றுகள். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன், பளீலாவும் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் வியாழன் காலை பஸ்ஸில் அவள் முகம் சரியில்லை. விடியப் பிள்ளை கிணற்றடியில் சத்தியெடுத்தாளாம், வயிறு வலிக்கிறது என்றாளாம். "மழைத்தண்ணி குடிச்சிருப்பா. ஊர்ல எல்லாப் பிள்ளைக்கும் இதுதானே" என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

எட்டு மணிக்கு வேலை தொடங்கியது. ஃபோனை வாசலில் உள்ள பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பளீலா முதல் வேலையாகத் தட்டுகளை எண்ணினாள். கொக்கோவை முதல்நாளே ஐந்து ஐந்து கிலோவாக நிறுத்து, உள்ளே இருப்பது தெரியும் வெள்ளைப் பொலித்தீன் பைகளில் கட்டிக் கீழ்த்தட்டில் அடுக்குவது அவள் வழக்கம். தட்டின் விளிம்பில் "கொக்கோ" என்று ஒட்டியிருந்தது. பைகளில் எதுவும் எழுதுவதில்லை. அது பிழைதான், ஆனால் அன்றுவரை யாருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் கட்டியது பத்துப் பை. புதன்கிழமை ஓடியது பத்து பெட்ச். தட்டில் ஒரு பையும் இருக்கக்கூடாது.

ஒரு பை இருந்தது.

குந்தியிருந்து அதையே பார்த்தாளாம். பிறகு முகமூடியைக் கழற்றிப் பையை அவிழ்த்து மணந்தாள். கொக்கோதான். தாள்களைப் புரட்டினாள். ஒன்பது தாளில் "கொக்கோ 5.00" என்று அவள் கையெழுத்து. ஆறாவது தாளில் மட்டும் 5.02. அப்படியென்றால் பத்துத் தடவையும் ஐந்து கிலோ எடையுள்ள ஒரு பை தராசில் ஏறியிருக்கிறது. பத்தில் ஒன்பதுதான் கொக்கோ. மற்றது என்ன?

ஸ்டோருக்கு நடந்து போனாள்.  ஸ்டோருக்குப் பொறுப்பானவள் மார்த்தா, கற்பிட்டிக்காரி, ஐம்பது வயதிருக்கும்.

"மார்த்தாக்கா, இரும்புத் தூள் பெட்டி ரெண்டு இருந்துதே. ஒண்டுதானே இருக்கு?"

"மத்தது மழையில ஊறிப்போச்சு பளீலா. பெட்டியக் கழட்டி எறிஞ்சிட்டு உள்பைய உங்கட அறையில கொண்டு வந்து வெச்சேன். அங்கதான் ஈரமில்ல."

"எங்க வெச்சீங்க?"

"கீழ்த்தட்டுல. இடம் இருந்துது. நான் சொன்னேனே. நீங்க நிறுத்துக்கொண்டு நிண்டீங்க, தலையாட்டினீங்க."

பளீலாவுக்கு அது ஞாபகமே இல்லை. தலையாட்டினாளா இல்லையா என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. கலவை இயந்திரம் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது.

இரும்புத் தூள் செம்மண்ணிறம். கொக்கோவும் கிட்டத்தட்ட அந்த நிறம். உள்பையும் அதே மாதிரி வெள்ளைப் பொலித்தீன்தான். தூள் ஐந்து கிலோ, பொலித்தீனோடு நிறுத்தால் ஐந்து கிலோ இருபது கிராம். தராசு சரியாகத்தான் காட்டியிருக்கிறது. எவ்வளவு என்று மட்டும்தான் தராசுக்குத் தெரியும், என்னவென்று தெரியாது. என்னவென்று பார்க்கவேண்டிய கண்ணும் மூக்கும் அவளுடையவை. மூக்கை இரட்டை முகமூடி மூடியிருந்தது. கண் பத்துத் தடவை ஒரே பழுப்பு நிறத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்திருந்தது.

நூற்றிருபது கிராம் போகவேண்டிய ஒரு பெட்ச்சில் ஐந்து கிலோவுக்கு மேல் போயிருக்கிறது. நாற்பது மடங்கு. ஆயிரத்து இருநூற்றைம்பது பக்கற்.

அப்போதுதான் றிஷ்னாவின் ஞாபகம் வந்ததாம். நேற்றுப் பின்னேரம் ஒரு கோப்பை குடித்தாள். விடியச் சத்தி. தான் புறப்படும்போது கொஞ்சம் சுகமாகி, சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். சுகமானது போல இருக்கும்.

எடை அறைக்குத் திரும்பினாள். நிஷாந்தினி வந்திருந்தாள். பளீலா மிஞ்சிய பையைக் காட்டினாள், மார்த்தா சொன்னதைச் சொன்னாள். நிஷாந்தினி தாள்களை எடுத்துத் தன் கையெழுத்தைப் பார்த்தாள்.

"அக்கா, நான் அந்த இடத்திலயே இல்லையே."

"தெரியும்."

"ஆனா சைன் வெச்சிருக்கிறேனே."

"ஓம்."

நிஷாந்தினி கதவைச் சாத்தினாள். "ஒருவேளை அந்தப் பை வேற எங்கயாவது விழுந்திருக்கும். நல்லாத் தேடிப் பாத்திட்டுச் சொல்லுவம். தெரியாம சொல்லி, பிறகு இல்லையெண்டா? எங்கட வீட்டில இப்ப என்ர சம்பளம் மட்டும்தான் அக்கா. உங்களுக்குத் தெரியும்தானே."

அவள் கெட்டவள் இல்லை. பயந்துபோயிருந்தாள், அவ்வளவுதான். தேடினார்கள். தட்டுக்கடியில், பீப்பாக்களுக்குப் பின்னால், குப்பைக் கூடையில். குப்பையில் ஒரு வெற்றுப் பை கிடந்தது. உள்ளே ஒட்டியிருந்த தூளை நிஷாந்தினி விரலால் தொட்டாள். விரலில் துரு நிறம். மணந்தால் கொக்கோ இல்லை, பழைய ஆணியை வாயில் வைத்தது போல ஒரு வாடை.

அதற்குப் பிறகும் அவர்கள் உடனே போகவில்லை. இதை என்னால் மாற்றிச் சொல்ல முடியாது. எடை அறையில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. அதால் பார்த்தால் லொறி நிற்கும் இடம் தெரியும். பளீலா அதில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டிகளை ஏற்றினார்கள். நானும் அங்கே நின்று எண்ணிக்கொடுத்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் தெரியாமல்.  மெனேஜரின் முகம், பொலிஸ், பேப்பரில் தன் பெயர், ரஸாக் கடலிலிருந்து வந்து கேட்கப்போவது, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. நடுநடுவே பிள்ளையின் முகம். போய்ச் சொல்லு என்று ஒரு மனம். இன்னும் ஒரு நிமிடம் என்று இன்னொரு மனம். அந்த ஒரு நிமிடம் திரும்பத் திரும்ப வந்தது.

லொறி ஒன்பது ஐந்துக்கு வெளியே போனது. படலையை மூடுகிற சத்தத்தில்தான் அவளுக்குக் கால் அசைந்தது. மார்த்தாவிடம் கேட்ட நேரத்திலிருந்து நாற்பது நிமிடம்.

உற்பத்தி அதிகாரி றிஸ்மின் முப்பது வயதுக்குள் உள்ளவர், மெதுவாகக் கதைப்பவர். பளீலா மிஞ்சிய கொக்கோப் பையை அவர் மேசையில் வைத்தாள்.

"சேர், நேத்து ஒரு பெட்ச்சுல கொக்கோக்குப் பதிலா இரும்புத் தூள் போயிருக்கு. அஞ்சு கிலோவும். நான்தான் நிறுத்தேன்."

றிஸ்மின் எழும்பவில்லை, ஏசவில்லை. அவர் கையிலிருந்த பேனையை மூடத் தெரியாமல் மூடியை இரண்டு மூன்று தடவை பிழையாக வைத்தாராம். பிறகு, "எந்த பெட்ச்?" என்றார்.

"ஆறாவதா இருக்கும். எடை கொஞ்சம் கூட. ஆனா நிச்சயமில்ல சேர்."

அவர் லொறிச் சாரதிக்கு ஃபோன் எடுத்தார். பதில் இல்லை. திரும்ப எடுத்துக்கொண்டே ஆய்வறைக்கு நடந்தார். ஒவ்வொரு பெட்ச்சிலிருந்தும் ஒரு சின்னப் போத்தல் எடுத்து அங்கே வைத்திருப்போம். பத்துப் போத்தலையும் மேசையில் வைத்தார். இலக்கம் தெரியாதபடி திருப்பி, இடம் மாற்றினார். "முகமூடியக் கழட்டிட்டு மணந்து பாருங்க."

முதல் தடவை பளீலாவுக்கு எல்லாமே ஒரே வாசமாக இருந்தது. பயத்தில் மூக்கும் வேலை செய்யவில்லை. வெளியே போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். இரண்டாம் தடவை ஒரு போத்தலைத் தனியே தள்ளிவைத்தாள். அதில் சோளமா வாசமும் பால்மா வாசமும் இருந்தன, கொக்கோ இல்லை. நிறம் மட்டும் மற்றவற்றைவிடச் சிவப்பு. றிஸ்மின் திரும்பவும் இடம் மாற்றிவிட்டு நிஷாந்தினியைக் கூப்பிட்டார். அவளும் அதையேதான் தள்ளிவைத்தாள். திருப்பிப் பார்த்தார். ஆறு.

உடனே எங்கள் பகுதியில் இயந்திரங்களை நிறுத்தினார்கள். ஆறாம் இலக்கப் பெட்டிகளைத் தேடச் சொன்னார்கள். பாதி கிடங்கில் இருந்தது. மற்றப் பாதி லொறியில்.

பளீலாவுக்குத் தன் ஃபோனை எடுக்க அனுமதி கிடைத்தது. நான் அவள் பக்கத்தில் நின்றேன். நான்தான் எண்ணை அழுத்திக் கொடுத்தேன்.

"ஸஃப்னா, நேத்துக் கொண்டு வந்த சத்துமா பக்கற் இருக்கா? அதுல ஒரு நம்பர் இருக்கும், பாரு."

"பக்கற்ற அடுப்புல போட்டுட்டேன் ராத்தா. மாவ டின்னுல கொட்டி வெச்சிருக்கு. ஏன்?"

"பிள்ளை எங்க?"

"படுத்திருக்கா. பிறகும் ரெண்டு தரம் சத்தியெடுத்தா. இப்ப கொஞ்சம் சுகம்."

பளீலா ஃபோனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். நான் வாங்கி, "டின்ன மணந்து பாரு. கொக்கோ வாசம் வருதா?" என்றேன்.

"சத்துமா வாசம்தான் வருது. எனக்கென்ன தெரியும்?"

நானும் வீட்டுக்கு ஃபோன் எடுத்தேன். என்னுடைய பக்கற் மூன்றாம் இலக்கம், மற்றவர்கள் கேட்டுப் பார்த்ததிலும் ஆறு இல்லை. எனக்கு வந்த நிம்மதியை அவள் முன்னால் காட்ட வெட்கமாக இருந்தது.

றிஸ்மின் ஒரு த்ரீவீலரைக் கூப்பிட்டுப் பளீலாவை அனுப்பினார். "நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. டின்னையும் கொண்டு போங்க. டொக்டர்கிட்ட உள்ளத உள்ளபடி சொல்லுங்க. ஒண்டையும் மறைக்க வேணாம்." அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் சாரதி பதில் சொன்னார். பாலாவியை எட்டிவிட்டாராம். வழியில் நுரைச்சோலையில் ஒரு கடைக்கு மட்டும் ஒரு பெட்டி இறக்கினாராம். பன்னிரண்டு பக்கற்.

கண்டக்குழி போகும் வழியெல்லாம் பளீலா ஓத முயன்றாளாம். தெரிந்த சூறாவே பாதியில் மறந்து போனது. வீட்டு வாசலில் ஸஃப்னா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். பிள்ளை வெளிறிப்போய், கண்ணை மூடி, உம்மா என்றுகூடச் சொல்லவில்லை. ஸஃப்னா டின்னை அவள் கையில் கொடுத்தாள்.

திறக்கப் பயம். ஆஸ்பத்திரி வாசல்வரை டின்னை மடியில் இறுக்கி வைத்திருந்தாள். உள்ளே, கட்டிலில் பிள்ளையைக் கிடத்திய பிறகு, டொக்டர் கேட்டதால் மூடியைத் திறந்தாள். குப்பென்று கொக்கோ வாசம் வந்தது. இன்னொரு தடவை முகத்தைக் கிட்டக் கொண்டுபோனாள். கொக்கோதான். சந்தேகமே இல்லை.

டொக்டர் பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், இரத்தமும் எடுத்தார். இந்தக் கிழமை இதே மாதிரி பதினைந்து பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், மழைத்தண்ணியால் வருகிற வயிற்றோட்டம்தான் என்றார். சேலைன் ஏற்றினார்கள்.

அந்த நேரம் அவளுக்கு என்ன தோன்றியது என்று நான் கேட்டேன். "சந்தோஷம்தான் வந்துது. ஒரு நிமிஷம். பிறகுதான் அந்தப் பன்ரெண்டு பக்கற் ஞாபகம் வந்துது. என்ட பிள்ளைக்கு இல்லாட்டி அது வேற யாருக்கோ" என்றாள். அதற்குப் பிறகு வந்த பயம் முந்தையதைவிடப் பெரியதாம். முதல் பயத்துக்கு ஒரு முகம் இருந்தது, இதற்கு முகமே இல்லை.

பிள்ளையை ஸஃப்னாவிடம் விட்டுவிட்டு அதே த்ரீவீலரில் நுரைச்சோலைக்குத் திரும்பினாள். யாரும் அவளை வரச்சொல்லவில்லை.

றிஸ்மின் கடைக்கு முன்னால் நின்றார். ஒன்பது பக்கற் அலுமாரியில் அப்படியே இருந்தன. மூன்று விற்றுப்போயிருந்தன, மூன்றும் பத்து மணிக்கு முன்னால். கடைக்காரர் நெற்றியைத் தேய்த்துத் தேய்த்து யோசித்தார். ஒன்று மின்நிலையத்தில் வேலை செய்யும் ஒருவர் வாங்கினார், அவர் வீடு தெரியும். ஒன்று பள்ளிக்கூடத்து ஒழுங்கையில் இருக்கும் றுஷ்னா என்ற ஒரு இளம் தாய். மற்றது மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு ஆள். தலைக்கவசத்தைக் கழற்றவேயில்லை. மாம்புரிப் பக்கத்து ஆள் போலக் கதைத்தாராம். அவ்வளவுதான் தெரியும்.

மின்நிலையக்காரரின் வீட்டில் பக்கற் உடைக்கப்படாமல் மேசையில் இருந்தது.

றுஷ்னாவின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. இருபத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் இரண்டு வயதுப் பெண்பிள்ளை. பிள்ளையின் சட்டை நனைந்திருந்தது. சட்டையிலும் தரையிலும் செம்பழுப்பு நிறத்தில் சத்தி. றுஷ்னா துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். "அரைக் கோப்பைதான் குடிச்சா. உடனே எடுத்துட்டா. மழைக்குத்தானே" என்றாள், இவர்கள் யாரென்று கேட்குமுன்பே.

பளீலாதான் சொன்னாள். றிஸ்மின் வாய் திறக்குமுன் அவள் சொல்லிவிட்டாள். தான் யார், என்ன நடந்தது, அந்த மாவில் என்ன இருக்கிறது என்று.

றுஷ்னா கத்தவில்லை. பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள். "உங்களுக்குப் பிள்ளை இருக்கா?"

"ஓம். நாலு வயசு."

"அவளும் இதக் குடிச்சாளா?"

"வேற பெட்ச். அவளுக்கு ஒண்டுமில்ல."

றுஷ்னா அவளையே பார்த்தாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டாள். றிஸ்மினின் காரில் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். முன்னால் றிஸ்மின், பின்னால் அந்தத் தாயும் பிள்ளையும் பளீலாவும். கரம்பையைத் தாண்டும்போது பிள்ளை சத்தியை நிறுத்திவிட்டுச் சிரித்தது. "இப்ப பரவாயில்ல போல" என்றாள் றுஷ்னா. பளீலா பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தளம் வரும்வரை தான் மூச்சே விடவில்லை போல இருந்தது என்றாள்.

என்ன பொருள், எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று றிஸ்மின் கணக்கை எழுதிக்கொண்டு போயிருந்ததால் டொக்டர்மாருக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. வந்த உடனே மருந்து ஏற்றினார்கள். மூன்று நாள் வைத்திருந்தார்கள். அரைக் கோப்பையில் பெரும்பகுதி சத்தியோடு வெளியே வந்துவிட்டது, பிள்ளை தப்பியதற்கு அதுதான் காரணம் என்றார்கள். நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஈரலுக்கு ஒன்றுமில்லை.

மூன்றாவது பக்கற்றைத் தேடியதுதான் முடியவில்லை. அன்று லுஹர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மாம்புரியிலும் சொன்னார்கள், கோயிலிலும் சேர்ச்சிலும் சொல்லச் சொன்னார்கள். தொழிற்சாலை ஆட்கள் இரண்டு நாள் வீடுவீடாகப் போனோம். நானும் போனேன். யாரும் வாங்கவில்லை என்றார்கள். எந்த ஆஸ்பத்திரிக்கும் அப்படி ஒரு பிள்ளை வரவில்லை. அந்த ஆள் வழியில் விழுத்தியிருக்கலாம். அறிவிப்பைக் கேட்டுப் பயந்து கடலில் எறிந்திருக்கலாம். வேறு ஊருக்குக் கொண்டு போயிருக்கவும் கூடும்.

விசாரணை நடந்தது. பளீலா இரண்டு மாதம் வீட்டில் இருந்தாள். மார்த்தா தானாகவே விலகிக்கொண்டாள். நிஷாந்தினிக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து வேலையில் வைத்திருந்தார்கள். பிறகு பளீலாவைத் திரும்பக் கூப்பிட்டபோது, வருவாள் என்று நான் நினைக்கவில்லை. வந்தாள். இரும்புத் தூள் நீல நிறப் பையில் வரவேண்டும், பூட்டுள்ள அலுமாரியில் இருக்கவேண்டும், ஒவ்வொரு பையிலும் பெயர் எழுதவேண்டும், இரண்டு பேர் நிற்காவிட்டால் இயந்திரம் ஓடக்கூடாது என்று றிஸ்மினிடம் சொல்லி, அதெல்லாம் செய்த பிறகுதான் தராசைத் தொட்டாள்.

அந்த நாற்பது நிமிடத்தை அவள் விசாரணையில் சொல்லவில்லை. ஒன்பது மணிக்குத்தான் கண்டுபிடித்தேன் என்று சொன்னாள். நிஷாந்தினியும் அப்படியே சொன்னாள். எனக்கு அவள் அதைச் சொன்னது இரண்டு வருடம் கழித்து, பஸ்ஸில்.

"எட்டரைக்கே நான் போய்ச் சொல்லியிருந்தா லொறி வெளியே போயிருக்காது. அந்தப் பெட்டி அந்தக் கடைக்கு இறங்கியிருக்காது."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். 

"றுஷ்னாகிட்ட சொல்லப் போறேன். நீயும் வாறியா?"

ஒரு சனிக்கிழமை பின்னேரம் நாங்கள் போனோம். றுஷ்னா முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை வளர்ந்திருந்தது, ஒரு பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கோழிகளுக்குப் பின்னால் ஓடியது. எங்களைக் கண்டு றுஷ்னா கதிரை இரண்டு கொண்டுவந்து போட்டாள். பளீலா இருக்கவில்லை. நின்றபடியே சொன்னாள். ஜன்னலில் நின்று லொறியைப் பார்த்தது வரைக்கும், ஒன்றும் விடாமல்.

றுஷ்னா கையிலிருந்த ஈரத் துணியைப் பிழிந்தாள். தண்ணீர் எல்லாம் வடிந்த பிறகும் பிழிந்துகொண்டிருந்தாள்.

"இத ஏன் இப்ப வந்து சொல்றீங்க?"

"சொல்லாம இருக்கப் பயமா இருந்துது."

"சொன்ன பிறகு?"

பளீலா யோசித்தாள். "இப்பவும் பயம்தான்."

றுஷ்னா துணியை உதறிக் கொடியில் போட்டாள். போட்டுவிட்டு, எங்களைப் பார்க்காமலே, "அந்த மத்தப் பக்கற் கிடைச்சுதா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"சரி. நீங்க போங்க" என்றாள். கோபமாகச் சொன்னாளா, இல்லையா என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பிள்ளையைக் கூப்பிட்டு, தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நாங்கள் வீதிக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றோம். மாம்புரிப் பக்கமிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. தலைக்கவசம் போட்ட ஒரு ஆளும், அவருக்கு முன்னால் ஒரு சின்னப் பிள்ளையும். அது கண்ணுக்கு மறையும்வரை பளீலா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.